கல் லாயங்களும் அவற்றின் கூரைகளும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், மொரீஷியஸின் வடபகுதியில் பழைய கரும்புத் தோட்டம் ஒன்றில் கூரையிழந்து நிற்கும் குதிரை லாயத்தின் படத்தை வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்து வந்த கடிதங்கள் ஏறக்குறைய ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, என் தாத்தா அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் குதிரைக்காரராக இருந்தவர். எங்கள் வீட்டில் அந்த இடத்தை இன்றும் 'லெக்கிரி' என்றுதான் சொல்வோம். படத்தில் இருப்பதைப் பார்த்தால் கோட்டைபோலத் தெரிகிறது. குதிரை கட்டுவதற்கு இவ்வளவு பெரிய கருங்கல் கட்டடம் எதற்கு?
— வாசகி, கூட்லண்ட்ஸ்

பதில்: அம்மா, உங்கள் வியப்பு நியாயமானதே. அதே தோட்டங்களில் முதலாளிகளின் பெரிய வீடுகள் பல மரத்தாலானவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். மோக்காவில் 1830இல் எழுந்த யுரேகாவும், மாப்புவில் 1859இல் கட்டி முடிந்த லபூர்தொன்னே மாளிகையும் மர வீடுகளே. ஆனால் ஆலை, கிடங்கு, லாயம் ஆகியவற்றைக் கல்லால் கட்டினார்கள். வைக்கோலும் எண்ணெய் விளக்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் மரச்சுவர் வைப்பது ஆபத்து. தவிரவும் விலங்குகளின் மூத்திரமும் ஈரமும் மரத்தின் அடியை அரித்துவிடும். மிரண்ட குதிரையின் பின்னங்கால் உதைக்குப் பலகை தாங்காது. கல்லுக்கோ பஞ்சமில்லை. கரும்பு நடுவதற்காக வயலிலிருந்து பொறுக்கி எடுத்த எரிமலைக் கற்களை அங்கங்கே குவித்து வைத்த மேடுகளை இன்றும் நீங்கள் பார்க்கலாம். பொறுக்கியவர்களின் உழைப்புக்கு உரிய கூலி கிடைக்காத காலத்தில், அந்தக் கல் முதலாளிக்கு ஏறத்தாழ இலவசமாகவே கிடைத்தது.

அதைவிட முக்கியமான காரணம், விலங்குகளின் விலை. இந்தத் தீவுக்குக் குதிரை சொந்த விலங்கு அல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. கரும்பு வண்டி இழுத்த கோவேறு கழுதைகளில் பல தென் அமெரிக்காவிலிருந்தும், மாடுகள் மடகாஸ்கரிலிருந்தும் வந்தன. கடலில் இறந்தவை போக மிஞ்சியவற்றுக்குக் கொடுத்த விலையை அவை பல ஆண்டுகள் உழைத்தால்தான் மீட்க முடியும். ஆகவே லாயம் என்பது முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் முதலீட்டைக் காக்கும் கட்டடமாக இருந்தது.

கட்டட அமைப்பைப் பார்ப்போம். நம் தீவின் பெரிய லாயங்களில் காணும் ஒழுங்கு பிரெஞ்சு மரபிலிருந்து வந்தது. வெர்சாய் அரண்மனைக்கு எதிரே 1679 முதல் 1682 வரை ஜூல் ஆர்துவேன் மான்சார் கட்டிய இரட்டை லாயங்களில், ஒன்று சவாரிக் குதிரைகளுக்கும் மற்றொன்று வண்டிக் குதிரைகளுக்கும் என்று பிரிக்கப்பட்டிருந்தது. பிரான்சின் ஷாந்தி நகரில் 1719இல் தொடங்கிய லாயமோ 186 மீட்டர் நீளமுள்ளது. 240 குதிரைகளுக்கு இடமிருந்தது. அதைக் கட்டுவித்த கோந்தே இளவரசர், மறுபிறவியில் தாம் குதிரையாகப் பிறப்போம் என்று நம்பியதால்தான் அவ்வளவு பெரிதாகக் கட்டினார் என்றொரு கதை அங்கே வழங்குகிறது. மறுபிறப்பில் நம்பிக்கையுள்ள நமக்குக்கூட அந்த முன்னேற்பாடு சற்று அதிகம்தான். நம் தோட்டக்காரர்களுக்கு அத்தனை செல்வம் இல்லை. ஆனால் முற்றம், முற்றத்தைச் சூழ்ந்த நீண்ட கைகள், நடுவில் வண்டி நுழையும் வளைவு வாசல் என்ற வடிவத்தைச் சிறிய அளவில் எடுத்துக்கொண்டார்கள்.

படத்தில் உள்ள லாயத்தை அருகில் சென்று பார்த்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை இருப்பது தெரியும். சன்னல்கள் ஓர் ஆள் கைதூக்கினாலும் எட்டாத உயரத்தில் இருப்பது சிறைச்சாலைத் தோற்றத்துக்காக அன்று. குதிரையின் தலைக்கு மேலே காற்று ஓடவேண்டும், அதன் கண்ணில் நேரடி வெயிலும் உடம்பில் குளிர்காற்றும் படக்கூடாது என்பதற்காக. ஒரு குதிரை நாளொன்றுக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் சாணமும் மூத்திரமும் கழிக்கும். அதிலிருந்து எழும் அம்மோனியா வாயு மூச்சுக் குழலை அரிக்கும்; ஆகவே கூரை முகட்டில் காற்று வெளியேறத் திறப்பு விட்டார்கள். தரையைக் கவனியுங்கள்: காடி (தீனித் தொட்டி) இருக்கும் சுவரோரம் சற்று உயர்ந்தும், நடுவழியை நோக்கிச் சரிந்தும், அங்கே கல்லில் செதுக்கிய ஆழமற்ற வாய்க்காலில் முடிவதாகவும் இருக்கும். சரிவு அதிகமானால் குதிரையின் பின்னங்கால் தசைநாண்கள் கெடும், குறைந்தால் ஈரம் தேங்கிக் குளம்பு அழுகும். ஆகவே நல்ல கொத்தர் கட்டிய லாயத்தில் அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும்.

காடியின் விளிம்புக் கல்லில் நடுப்பகுதி மட்டும் வழவழப்பாகக் குழிந்திருப்பதை உங்கள் தாத்தா தினமும் பார்த்திருப்பார். சும்மா நிற்கும் குதிரை சலிப்பினால் விளிம்பைக் கடித்துக்கொண்டே இருக்கும். எந்தக் காடியின் விளிம்பு அதிகம் குழிந்திருக்கிறதோ, அந்த இடத்தில் வேலை குறைவான குதிரைகளைக் கட்டியிருந்தார்கள் என்று ஊகிக்கலாம்; அது பெரும்பாலும் முதலாளியின் சவாரிக் குதிரை நின்ற இடமாக இருக்கும். கரும்பு வண்டி இழுத்துவிட்டு வந்த கோவேறு கழுதைக்குச் சலித்துக்கொள்ள நேரம் ஏது?

மேலே வைக்கோற் பரண், ஒரு கோடியில் சேணமும் கடிவாளமும் தொங்கும் அறை, மறு கோடியில் குதிரைக்காரர் படுக்கும் அறை. அந்த அறைக்கும் லாயத்துக்கும் நடுவே கதவு இருக்கும். இரவில் குதிரை கால் மாற்றினால்கூட அவருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக.

கேள்வி: இந்தக் கல் கட்டடங்களைக் கட்டியவர்கள் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கொத்தர்களே என்று என் தகப்பனார் சொல்வார். இது எவ்வளவு தூரம் உண்மை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ரோஸ் ஹில்

பதில்: பாதி உண்மை என்றுதான் சொல்ல வேண்டும். 1735 முதல் 1746 வரை இத்தீவின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த மாஹே த லபூர்தொன்னே, போர்ட் லூயி துறைமுகத்தையும் நகரத்தையும் எழுப்புவதற்காகப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் கைவினைஞர்களையும் தருவித்தது வரலாறு. நகரின் கிழக்குப் புறத்தில் 'மலபார் முகாம்' என்ற பகுதி உருவானதும் அவர்களால்தான். ஆனால் நாம் இன்று தோட்டங்களில் காணும் லாயங்களில் பெரும்பாலானவை சர்க்கரைத் தொழில் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுள் முந்தியவற்றில், 1835 பிப்ரவரியில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, மலகாசி (மடகாஸ்கர்) அடிமைகளின் கைவேலை இருக்கிறது. பிந்தியவற்றில் கிரியோல் கொத்தர்களும் நம் ஒப்பந்தத் தொழிலாளர்களும் ஒன்றாக வேலை செய்திருக்கிறார்கள். எல்லாம் நாமே கட்டினோம் என்று சொல்லி அந்த அடிமைகளை இரண்டாம் முறையும் மறைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதுச்சேரிக் கைவண்ணத்தைக் கண்ணால் பார்க்க விரும்பினால் பக்கத்துத் தீவான ரெயூனியனுக்குப் போகலாம். சேன் ழீல் மேட்டில் உள்ள தெபாசேன் குடும்பத்து மாளிகையின் தட்டைக் கூரை, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நம் ஊர் மெத்தை வீட்டு முறையில் போட்டது. அங்கே அதை 'அர்காமாஸ்' என்கிறார்கள். லாயங்களுக்கு அந்தக் கூரை ஒத்துவராது. வைக்கோலுக்குப் பரண் வேண்டும், நம் மழைக்குச் செங்குத்தான சரிவு வேண்டும் என்பதால், 'பார்தோ' எனப்படும் மரச்சில்லுகளையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேய்ந்தார்கள்.

கேள்வி: பாண்டிய நாட்டில் குதிரைகள் நிலைக்கவில்லை என்று படித்திருக்கிறேன். வெப்ப நாட்டுக்குக் குதிரை பொருந்தாதா?
— வாசகர், டர்பன்

பதில்: பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல் வழியே வாங்கப்பட்டும் பராமரிப்பு தெரியாமல் அவை மடிந்துபோவதாக எழுதிவைத்திருக்கிறார். அரபு வணிகர்களுக்கு அதனால் இலாபம். வெப்பத்தைவிட, ஈரமும் அடைந்த காற்றும் பொருந்தாத தீனியுமே குதிரையைக் கொல்பவை. உயரத்துச் சன்னல், சாய்தளம், முகட்டுத் திறப்பு என்று மேலே சொன்னவை எல்லாம் அந்தக் குறைகளுக்கான மருந்துகள்.

கேள்வி: மோட்டார் வண்டி வந்ததால்தான் இந்த லாயங்கள் கைவிடப்பட்டன என்று எங்கள் பாடக்குறிப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?
— கட்டடக்கலை மாணவி, ரெதுயி

பதில்: அந்த ஒரு வரி ஐரோப்பாவுக்கு ஓரளவு பொருந்தும். இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு 1760களில் ஜேம்ஸ் பெயின் கட்டிய லாயத்தில் 80 குதிரைகள் நின்றன. கார் வந்தது, குதிரை போயிற்று, இன்று அதே முற்றத்தில் சுற்றுலாப் பயணிகள் தேநீர் குடிக்கிறார்கள். நம் தீவில் கதை வேறு. இங்கே லாயங்களைக் காலி செய்தது ஒரு நோய்.

1901–02இல், இந்தியாவிலிருந்து இறக்குமதியான மாடுகளோடு 'சுர்ரா' என்ற நோய் வந்து சேர்ந்தது. அதன் கிருமியைப் பஞ்சாபில் 1880இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் கண்டறிந்திருந்தார். ஆனால் மருந்து இல்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கால்களிலும் வயிற்றிலும் வீக்கம், தின்றாலும் தேறாத உடம்பு, பிறகு நிற்க முடியாமல் விழுவது என்று வாரக்கணக்கில் இழுத்துக் கொல்லும் நோய் அது. மாடுகளில் பல தாங்கிக்கொண்டன. குதிரையும் கோவேறு கழுதையும் தாங்கவில்லை. கிருமியை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குக் கொண்டுபோனவை கடிக்கும் ஈக்கள். அந்த ஈக்கள் முட்டையிடும் இடம் அழுகிய கரும்புத் தோகையும் சாணமும் கலந்த குப்பை. வயலுக்கு உரமாகட்டும் என்று லாயத்தின் பின்புறமே சேர்த்துவைத்த குப்பைமேடு ஈக்களை வளர்த்தது. முற்றத்தைச் சுற்றி வரிசையாக, ஒன்றுக்கொன்று ஓர் எட்டுத் தூரத்தில் கட்டிய விலங்குகள் அவற்றுக்குப் பந்தி விரித்தன. மூச்சுக்காற்றைப் பற்றி அவ்வளவு யோசித்துக் கட்டிய கட்டடத்தின் வடிவமே அந்த நோய்க்கு உதவியது என்பதைக் கட்டடக்கலை மாணவியான நீங்கள் கவனிக்க வேண்டும்.

அறுவடைக் கரும்பு வயலில் காய, இழுக்க விலங்கில்லை. அரசு கடன் கொடுத்தது. தோட்டங்கள் வயலுக்குள் குறுகிய தண்டவாளங்களைப் போட்டுக்கொண்டன. 1864 முதல் ஓடிய அரசு ரயிலோடு அவை இணைந்தபின், மீண்டும் பெருந்தொகை கொடுத்துக் கோவேறு கழுதை வாங்குவதற்கு யாருக்கும் மனமில்லை. லாரி வந்தது அதற்குப் பிறகுதான். அரசு ரயிலும் 1964இல் முற்றாக நின்றுபோனது வேறு கதை.

அதோடு ஆலைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருநூற்றைத் தாண்டியிருந்த சர்க்கரை ஆலைகள் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டு இன்று மூன்றே மிஞ்சியிருக்கின்றன. ஆலை மூடிய தோட்டத்தில் லாயம் கிடங்காயிற்று. இங்கே ஒரு கேடு நடந்தது: பல இடங்களில் இரசாயன உர மூட்டைகளை அடுக்கினார்கள். உரத்தின் உப்பு ஈரத்தோடு சேர்ந்து சுவருக்குள் ஏறி, உலரும்போது படிகமாகி, சுண்ணாம்புக் காரையை உள்ளிருந்தே உதிர்த்துவிடும். சுவரின் அடியில் முழங்கால் உயரம்வரை இணைப்புகள் வெறுமையாகவும், அதற்குமேல் நன்றாகவும் இருந்தால், அங்கே உரம் வைத்திருந்தார்கள் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். டிராக்டர் நுழைவதற்காக வளைவு வாசலின் ஒரு பக்கத் தூணை வெட்டிவிட்டு இரும்பு உத்திரம் செருகிய லாயங்களும் உண்டு. வளைவின் பாரம் தூணில் இறங்கவேண்டும்; தூண் போனால் அந்தப் பாரம் பக்கச் சுவரைத் தள்ளும். விரிசல் அங்கிருந்து தொடங்கும்.

பிறகு புயல். 1892 ஏப்ரல் புயலைத் தாண்டிய கூரைகளில் பலவற்றை 1960 பிப்ரவரியில் வந்த கரோல் பெயர்த்தது. மரச்சில்லு இருந்த இடத்தில் தகரம் போட்டார்கள். சிலர் அதையும் போடவில்லை. கூரையில்லாத கல் சுவர் தனியே நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. அந்தச் சுவர்கள் இரண்டு முகங்களாகக் கட்டப்பட்டு நடுவில் சிறு கல்லும் காரையும் நிரப்பியவை. மேற்பக்கம் திறந்தால் மழை நேராக நடுவில் இறங்கும், நிரப்பு கரையும், இரு முகங்களும் வயிறு தள்ளிப் பிரியும். பறவைகள் எச்சமிட்ட இடத்தில் ஆல் அரசு முளைத்து மிச்சத்தை முடிக்கும். கூரை போன நாளிலிருந்துதான் லாயத்தின் அழிவைக் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. குதிரை போன நாளிலிருந்து அன்று. 2002க்குப் பின் தோட்ட நிலங்கள் சொகுசு வீட்டுத் திட்டங்களாக மாறத் தொடங்கியபோது, கூரையுள்ள லாயங்களுக்கு உணவகமாகவோ மண்டபமாகவோ மறுவாழ்வு கிடைக்க வழியிருந்தது. கூரையற்றவற்றைக் கற்குவியல் என்று எழுதிக்கொள்வது எளிதாயிற்று.

கேள்வி: குதிரைக்குக் கல் வீடும் நம் மூதாதையருக்கு ஓலைக் குடிசையும் கொடுத்தவர்களின் கட்டடத்தை நாம் எதற்காகப் பாதுகாக்க வேண்டும்? இடிந்தால் இடியட்டும்.
— வாசகர், திரியோலே

பதில்: உங்கள் கோபத்தைக் குறைக்கும் எண்ணம் எனக்கில்லை. 1834இலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தத்தில் இத்தீவுக்கு வந்தார்கள். அவர்கள் தோட்ட முகாம்களில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது தொழிலாளர் பக்கம் நின்ற தோட்ட மேலாளர் அடோல்ஃப் த பிளெவிட்ஸ் 1871இல் திரட்டிய விண்ணப்பத்தாலும், அதன்பின் 1872இல் வந்த அரச ஆணையத்தின் விசாரணையாலும் பதிவானது. குதிரை இறந்தால் முதலாளிக்கு நட்டம். ஒப்பந்தக்காரர் இறந்தால் அடுத்த கப்பல் வரும். சன்னல் உயரமும் தரைச் சரிவும் சொல்லும் அக்கறை, முகாம் குடிசையில் இல்லை.

ஆனால் ஓலைக் குடிசைகள் அழிந்துவிட்டன. அந்த ஏற்றத்தாழ்வுக்குக் கண்கண்ட சாட்சியாக நிற்பது லாயம் ஒன்றே. அதையும் இடித்துவிட்டால் மிஞ்சுவது முதலாளியின் அழகான மர மாளிகையும் அதன் தோட்டமும் தேநீர் மேசையும்தான். அந்த வரலாறு யாருக்கு வசதியானது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். லாயத்தின் கோடியில் உள்ள குதிரைக்காரர் அறையை யாராவது அளந்து, அதன் பக்கத்தில் ஒரு குதிரையின் இடத்தையும் அளந்து, இரண்டையும் ஒரே பலகையில் எழுதி மாட்டினால், அதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. கூட்லண்ட்ஸ் அம்மையாரின் தாத்தா போன்றவர்களின் பெயர்களும் அந்தப் பலகையில் இருக்கவேண்டும்.

கேள்வி: ஒரு பழைய லாயத்தைப் பழுதுபார்க்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. சுவர் இணைப்புகளைச் சிமென்ட் வைத்துப் பூசினால் உறுதியாக இருக்கும் அல்லவா?
— கட்டட ஒப்பந்தக்காரர், ஃபிளாக்

பதில்: தயவுசெய்து வேண்டாம். எரிமலைக் கல் ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேறும் வழி சுண்ணாம்பு இணைப்புகளே. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கி நிரப்பைக் கரைக்கும். வெளியே பார்க்கச் சுவர் புதிதுபோல இருக்கும், ஒரு மழைக்காலத்தில் வயிறு தள்ளும். அந்தக் காலத்துச் சுண்ணாம்பு, பவளப் பாறையைச் சூளையில் சுட்டு எடுத்தது. கடற்கரையோரத்தில் பழைய சூளைகள் இன்றும் நிற்கின்றன. இப்போது பவளத்தை எடுக்கத் தேவையில்லை, நல்ல நீர்த்த சுண்ணாம்பு கிடைத்தால் போதும். 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமான, ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய போர்ட் லூயியின் 'ஆப்ரவாசி காட்' கட்டடங்களைச் சுண்ணாம்புக் காரை கொண்டே சீரமைத்திருக்கிறார்கள். அங்கே போய், சுவரின் இணைப்புகளை விரல் நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கூரை, தற்காலிகத் தகரமானாலும் சரி. அடுத்து மழைநீர் வெளியேறும் வடிகால். ஆல், அரசின் வேரைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அது பற்றிய கல்லும் கூடவே வரும். தண்டை அறுத்து, அறுத்த வாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்துச் சுருங்கும்வரை காத்திருந்து, பிறகு துண்டு துண்டாக எடுத்து அந்த இடைவெளியை உடனே நிரப்புங்கள். சுவர் பூச்சு கடைசியில்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் மதிலுக்குப் பக்கத்துத் தோட்டத்து இடிந்த லாயத்தின் கற்களை எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்ட நிர்வாகம் சொல்கிறது. எடுக்கலாமா?
— கோயில் கமிட்டி உறுப்பினர், சவான்

பதில்: அந்தக் கட்டடம் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளதா என்று முதலில் தேசியப் பாரம்பரிய நிதியத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் நிர்வாகம் அனுமதித்தாலும் தொடக்கூடாது. இல்லையென்றால், தரையில் விழுந்து குவிந்து கிடப்பதை மட்டும் எடுங்கள். எடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் நின்று படம் எடுத்து, நீள அகலத்தை அளந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். நிற்கும் சுவரின் மூலையில் உள்ள பெரிய செதுக்குக் கற்கள் மதிலுக்கு மிக வசதியாகத் தோன்றும். அவற்றையே ஆட்கள் முதலில் கழற்றப் பார்ப்பார்கள். அந்த மூலைக்கற்கள் ஒன்று விட்டு ஒன்று மாறி இரு சுவர்களுக்குள்ளும் நுழைந்து அவற்றைப் பிணைத்து வைத்திருப்பவை. இரண்டை உருவினாலும் சுவர் உங்கள் ஆட்கள்மேலேயே சாயும்.